புட்டியில் அடைத்த பனங்காடு: ஊர்ச்சுவை, தீர்வை, சாதி

1

ஊரைவிட்டு வெகுதூரம் வந்துவிட்ட ஒருவன் தன் ஊர்ச் சரக்கை வாயில் வைத்ததும் நெகிழ்ந்துபோவதை நம் எழுத்தாளர்கள் 'ஏக்கம்' என்ற ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல்லில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏக்கம் என்பது தனிமனித மனத்தின் ஈரம் போலத் தோன்றினாலும் அதற்குப் பின்னால் கப்பலும் தீர்வைச் சட்டமும் சாதியும் இருக்கின்றன. யாருடைய ஏக்கத்துக்காகக் கப்பல் விடப்பட்டது? யாருடைய ஏக்கத்தைக் கருவியாக்கி அவர்களுடைய கூலி திரும்பப் பிடுங்கப்பட்டது? எந்தச் சரக்கு கடல் கடக்கிறது, எது மரத்தடியிலேயே குற்றமாக நிற்கிறது? இந்தக் கேள்விகளைப் பீர், கள் என்ற இரண்டு பானங்களை வைத்துக் கேட்டுப்பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

என் இருப்பிடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தமிழ் எம்.ஏ. படித்தவன், உடன்குடிக்குப் பக்கத்தில் தேரிக்காட்டில் பிறந்தவன், இப்போது பிழைப்பது லண்டனின் கிழக்கே ஈஸ்ட்ஹாமில். இங்கே ஈழத்தமிழர் கடை ஒன்றில் பழுப்புநிறப் புட்டியில் பனங்கள் கிடைத்தது. யாழ்ப்பாணத்துச் சரக்கு. மேலே பனைமரப் படம், கீழே இலங்கைத் தயாரிப்பு என்ற குறிப்பு. 'நல்லாக் குளிரவிட்டுக் குடியுங்கோ தம்பி' என்றார் கடைக்கார அக்கா. கள்ளைக் குளிரவிட்டுக் குடிக்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். குடித்தேன். புளிப்பு இருந்தது. பாளையின் பச்சை வாடை மங்கலாக இருந்தது. பின்னால் லேசாகக் காய்ச்சிய வாசனை. கருப்பட்டிக்குப் பதநீர் கொதிக்கும்போது விடிலிக்குள் முதலில் எழும்புமே, அது. நுரை பேருக்குத்தான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. ஆனால் மண்டையில் ஓடியது வேறு. இந்தச் சுவை எனக்கு மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையிலிருந்து வருகிறது; என் கரையிலிருந்து வர முடியாது. அங்கே இதை இறக்குவது குற்றம், விற்பது குற்றம், குடிப்பதும் குற்றம்.

ஆக, என் நாக்குக்கும் என் ஊருக்கும் நடுவே நிற்பது ஐயாயிரம் மைல் கடலென்று நான் சொன்னால் அது பொய். நடுவில் நிற்பது ஒரு சட்டம். அந்தச் சட்டத்துக்குப் போவதற்கு முன்னால், தூரதேசத்தில் ஊர்ச்சரக்கு குடித்த வேறு இரண்டு கூட்டத்தாரைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

2

ஈஸ்ட்ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் மேற்கே சில நிறுத்தங்கள் போனால் 'போ' என்றொரு இடம். பெயரே அப்படித்தான். 1752 முதல் அங்கே ஹாட்ஜ்சன் குடும்பத்தின் பீர் ஆலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறை அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தக் கப்பல்களின் தலைவர்களுக்குத் தங்கள் சொந்தக் கணக்கில் கொஞ்சம் சரக்கு ஏற்றி விற்றுக்கொள்ள உரிமை இருந்தது. ஹாட்ஜ்சன் அவர்களுக்குப் பீரைக் கடனாகக் கொடுத்தார். போய்த் திரும்பி வந்து பணம் கட்டினால் போதும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நாலு மாதம், ஆறு மாதம் குலுங்கிக்கொண்டே போன பீப்பாய்கள் சென்னையிலும் கல்கத்தாவிலும் இறங்கின. ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ அதிகம் சேர்ந்ததால் அந்தப் பீர் வழியில் கெடாமல் தாங்கியது. 1820களில் பர்ட்டன் நகரத்து ஆலைகள் போட்டிக்கு வந்தன. 1830களில் 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் வழக்குக்கு வந்தது. இன்று உலகெங்கும் கிராஃப்ட் பீர்க் கடைகளில் பலகையின் முதல் வரியில் நிற்கும் ஐ.பி.ஏ. என்ற மூன்றெழுத்தின் பூர்வோத்தரம் இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஐ.பி.ஏ. என்பது ஊரைவிட்டுத் தொலைவில் இருந்தவனுக்கான ஊர்ச்சரக்கு. சென்னையில் வேர்த்து விறுவிறுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரனின் ஏக்கத்துக்குக் கம்பெனியின் கப்பல் இருந்தது, கடன் இருந்தது, பீப்பாய் இருந்தது. இரண்டு, அந்த ஏக்கத்துக்குள்ளேயே வர்க்கம் இருந்தது. பேல் ஏல் பெரும்பாலும் அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும். சாதாரண வெள்ளைச் சிப்பாய்க்குப் போனது போர்ட்டர் என்ற கரும்பீர். ரசனை என்பது வர்க்கத்தின் அடையாள அட்டை என்பதைப் பியர் பூர்தியூ 1979-ல் பிரெஞ்சுச் சமூகத்தை வைத்து விரிவாக நிறுவினார். மதராஸ் பட்டாளக் கிடங்கில் அது முன்னமே எழுதப்பட்டிருந்தது.

பிறகு கப்பலுக்குக் காத்திருப்பதும் வேண்டாமென்று ஆயிற்று. குளிர்ந்த மலைகளில் ஆலைகளே எழுந்தன. 1855 வாக்கில் இமயமலைச் சரிவில் கசௌலி, 1857-ல் ஊட்டியில் காசில் புரூவரி. 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியை உண்டாக்கினார். 1947-ல் அதன் இயக்குநர் குழுவில் முதல் இந்தியராக விட்டல் மல்லையா நுழைந்தார். அந்நியனின் ஏக்கத்துக்காகக் கட்டிய ஆலைகள் 'தேசிய'த் தொழிலாகக் கைமாறின. காலனியம் போனபின் அதன் நாக்கு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது எனலாம்.

3

இனி மற்றக் கூட்டம். வெள்ளைக்காரன் மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்த அதே காலத்தில் நம் ஆட்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்தார்கள். மலேயாவின் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கு, பிறகு ரப்பர் காடுகளுக்கு. ஒப்பந்தக் கூலிமுறை அங்கே 1910-ல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. இவர்களுக்கும் ஊர்ச்சரக்கு கிடைத்தது. கப்பலில் வரவில்லை, தோட்டத்திலேயே கடை இருந்தது. லயத்துக்குப் பக்கத்தில் கோயில், கோயிலுக்கு எட்டின தூரத்தில் கள்ளுக்கடை. பனை அங்கே கிடையாது, தென்னங்கள்தான். கலயத்தில் வந்த அந்தப் புளிப்பில் தஞ்சாவூர்க்காரனும் வடஆர்க்காட்டுக்காரனும் ஊரைத் தேடியிருப்பார்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் கடையை நடத்தியது தோட்ட நிர்வாகம் அல்லது அதன் அனுமதி பெற்றவர்கள். காலையில் பால்வெட்டிச் சம்பாதித்த கூலியில் ஒரு பங்கு சாயங்காலம் அதே முதலாளியின் கல்லாவுக்குத் திரும்பியது.

நம் இலக்கியவாதிகளின் 'ஏக்க'ச் சூத்திரம் உடைகிற இடம் இதுதான். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, வெள்ளைத் துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது - இவற்றோடு தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கை. தலைவர் ஆர்.எச்.நாதன் கைது செய்யப்பட்டார். துருப்புகள் வரவழைக்கப்பட்டன, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். யுத்தத்துக்குப் பின் கெடா மாநிலத்தில் தொண்டர் படை என்ற பெயரில் தோட்ட இளைஞர்கள் திரண்டு கள்ளுக்கடை மறியல் நடத்தினார்கள். 1947-ல் போலீஸ் அதையும் அடித்து நொறுக்கியது.

யோசித்துப் பாருங்கள். ஊரின் சுவையைத் தொலைதேசத்தில் தந்த ஒரே கடையை அந்த மக்களே மூடச் சொன்னார்கள். மேல்சாதி ஒழுக்கவாதியின் உபதேசம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. சைக்கிளிலிருந்து இறங்க மறுத்த அதே சுயமரியாதைதான் இதையும் பேசியது. ஊர்ச்சுவை யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையில் நம் பிடரியும் இருக்கிறது என்பதை அவர்கள் கூலிப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். கள்ளைக் கொண்டாடும் எந்தப் பேச்சும் இந்தச் செத்தவர்களைத் தாண்டிக்குதித்துப் போகக்கூடாது.

4

இனி ஊருக்கு வருவோம். கள் ஒருவகையில் பீருக்கு நேர்மாறான பொருள். பீருக்குத் தானியத்தை முளைகட்ட வேண்டும், அரைக்க வேண்டும், கொதிக்கவிட வேண்டும், ஈஸ்ட் போட்டுக் காத்திருக்க வேண்டும். பனைக்கு அதெல்லாம் கிடையாது. பாளையைக் கடிப்பால் நசுக்கி, நாள்தோறும் சீவி, கலயம் கட்டினால் சொட்டும் நீரிலேயே நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. காற்றிலும் கலயத்தின் சுவரிலும் இருக்கிற ஈஸ்டும் பாக்டீரியாவும் அந்த நொடியே வேலையைத் தொடங்கிவிடும். விடியலில் ஒரு ருசி, உச்சிப்பொழுதில் ஒரு ருசி, சாயங்காலம் ஒரு ருசி. ஒரு நாளில் நாலைந்து சதவீதம் சாராயச் சத்து. அப்படியே விட்டால் காடி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் நொதிப்பு நின்று பதநீர், தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே ஏற்றம், ஒரே கலயம். நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு.

கள்ளைத் தொலைவுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் அதன் உயிரை நிறுத்தியாக வேண்டும். சூடுகாட்டிப் புட்டியில் அடைப்பது அதற்காகத்தான். நான் குடித்த புட்டியில் இருந்தது சாயங்காலக் கள்ளின் புகைப்படம். முகம் தெரிகிறது, பேசுவதில்லை.

ஒரு விரல் சுண்ணாம்பின் மேல் ஒரு பேரரசு எப்படி உட்கார்ந்தது என்பது தனிக்கதை. 1886-ம் வருஷத்து மதராஸ் ஆப்காரிச் சட்டத்தின் கீழ் கள் இறக்கும் மரங்களுக்கு அடையாளம் இடப்பட்டு மரவரி விதிக்கப்பட்டது. கடைகள் ஏலம் விடப்பட்டன. குறைந்த குடியிலிருந்து அதிக வருவாய் என்பது பிரிட்டிஷ் ஆப்காரிக் கொள்கையின் அறிவிக்கப்பட்ட சூத்திரம். ஒழுக்கமும் கஜானாவும் ஒரே வாக்கியத்தில் கைகோத்துக்கொண்ட அழகைக் கவனியுங்கள். ஃபூக்கோ சொல்லும் நவீன அதிகாரம் சிறையிலும் மருத்துவமனையிலும் மட்டுமில்லை. பனைமரத்தில் குத்திய எண்ணிலும் இருந்தது.

அந்த எண்ணுக்குக் கீழே ஓர் உடம்பு இருந்தது. கால்டுவெல் 1849-ல் திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர்களுடைய உழைப்பைக் கண்டு வியந்தவர், அவர்களை அறிவிலும் பண்பாட்டிலும் தாழ்ந்தவர்களாகவும் அந்த நூலில் எழுதிவைத்தார். படித்துத் தலையெடுத்த சமூகம் பின்னாளில் அதை எதிர்த்தது. பனையேறுதல் என்பது வெறும் தொழிலாக இருக்கவில்லை. கோயிலுக்குள் யார் போகலாம், தெருவில் யார் நடக்கலாம், எந்தப் பெண் தோளை மூடலாம் என்பதை முடிவுசெய்த முத்திரை அது. திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக நடந்த போராட்டம் 1859 வரை நீண்டது. 1921-ல் அரசு ஆவணங்களில் 'நாடார்' என்ற பெயர் ஏறியது. பெயர் மேலே ஏறவேண்டுமானால் ஆள் மரத்திலிருந்து இறங்க வேண்டும் என்பதுதான் அன்றைய கணக்கு. அதே 1921-ல் கேரளத்தில் நாராயண குரு தம் மக்களுக்குச் சொன்னதும் அதுதான்: மதுவை உண்டாக்காதே, கொடுக்காதே, குடிக்காதே.

என் தாத்தா பனையேறி. நெஞ்சில் மரம் உரசி உரசிக் காய்த்துப்போன தழும்பு தடித்த தோலாகவே ஆகியிருந்தது. தளைநார் இறுக்கிய கால்விரல்கள் செருப்புக்குள் அடங்காது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். 'கள்' என்ற சொல்லே வீட்டில் ஒலிக்கக்கூடாது. குறளில் 'கள்ளுண்ணாமை' அதிகாரத்தை மட்டும் உரக்கப் படிப்பார். தாத்தா திண்ணையிலிருந்து, 'ஏலே, குடிச்சவனத்தானே சொல்லியிருக்கு, எறக்குனவன ஒண்ணும் சொல்லலியே' என்பார். அப்பாவின் கோபத்தை இன்றைக்கு என்னால் பழிக்க முடியாது. தாத்தாவின் தழும்பை நான் 'பாரம்பரியம்' என்று அழைப்பதற்கு அந்தக் கோபம்தான் தடையாக நிற்கிறது, நிற்கட்டும்.

யாழ்ப்பாணத்துக்கும் இது பொருந்தும். அங்கே மரமேறியவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியார்தான். 1968-ல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழையப் போராடியவர்களின் கதையைக் கள்ளுப்புட்டியின் மேலட்டை சொல்லாது. அங்கே கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு, 1978-ல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை உண்டு, தவறணைகள் உண்டு. அதனால்தான் புட்டி கடல் கடந்தது. சாதி அதனால் தீர்ந்துவிடவில்லை.

5

இப்போது சட்டத்துக்கு வரலாம். 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. பக்கத்து மாவட்டங்களுக்கும் அது படர்ந்தது. போன வருவாயை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. யுத்தகாலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. 1948-ல் ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுவதற்கும் திரும்பியது. ஒத்துழையாமைக் காலத்தில் கள்ளெதிர்ப்புக்காகத் தன் தோப்பின் தென்னைகளையே வெட்டிச் சாய்த்த பெரியார், பிற்காலத்தில் மதுவிலக்கை எதிர்த்துப் பேசினார். இந்த முரணை நம் பகுத்தறிவாளர்கள் வசதியாக மறந்துபோவார்கள். 1971-ல் மு.கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தள்ளிவைத்தது, கள்ளுக்கடைகள் திறந்தன, இரண்டே வருஷத்தில், 1973-ல், மூடின. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தன. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து கள்ளும் சாராயமும் தடை. சீமைச்சரக்கு மட்டும் நிலைத்தது. சாராயம் 1990 வாக்கில் கொஞ்சகாலம் எட்டிப்பார்த்துவிட்டு 1991-ல் போய்விட்டது. கள் திரும்பவேயில்லை. 2003-ல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கைக்கு வந்தது.

இன்றும் தமிழ்நாட்டின் அடிப்படைச் சட்டம் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம்தான். அந்தச் சட்டத்தின் கீழேயே விதிகள் வகுத்து அரசு கடை நடத்துகிறது. மதுவிலக்குச் சட்டத்தின் நிழலில் 2023-24-ல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய். 42.8 சதவீதச் சாராயச் சத்துள்ள புட்டியை அரசு ஊழியர் கல்லாவில் உட்கார்ந்து விற்கிறார். நாலைந்து சதவீதக் கள்ளை இறக்கியவர்மேல் வழக்கு. பதநீர் இறக்குகிறவரின் கலயத்தில் சுண்ணாம்பு குறைந்திருந்தால் அவரும் மாட்டலாம். பனைதான் 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம்! மரத்துக்கு மகுடம், ஏறுகிறவனுக்குச் சம்மன்.

ஏன் இப்படி? கள் உடம்புக்குக் கேடு என்பது விடையாகாது. கேடுதான் அளவுகோல் என்றால் முதலில் மூட வேண்டியது வேறு கடை. விடை அரசியல் பொருளாதாரத்தில் இருக்கிறது. கள்ளை மையப்படுத்த முடியாது. அதற்கு ஆலை கிடையாது, கிடங்கு கிடையாது. லட்சக்கணக்கான மரங்களில் லட்சக்கணக்கான கலயங்கள். கரும்பாலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்துக்குச் சில ஆலைகள், ஒரே கொள்முதல்காரர், ஒரே கல்லா. ஆலை முதலாளிக்கும் ஆளும் கட்சிக்கும் நடுவே ஒரு மேசை போதும். பனையேறியோடு மேசை போட்டு என்ன பேசுவது? குடியை ஒழிக்கிறேன் என்று தொடங்கிய சட்டம், குடியில் எளியவனின் பங்கை மட்டும் ஒழித்து முடித்திருக்கிறது. அந்த வெற்றிடத்தில் விஷச்சாராயம் புகுந்துகொள்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் பலியானார்கள்.

அதற்காகக் கள்ளை அமுதமாக்கி எழுதும் புதிய மோஸ்தரோடும் எனக்கு உடன்பாடில்லை. தமிழர் பானம், சங்கத்தமிழன் குடித்தது என்று மார்தட்டுகிறவர்கள் பெரும்பாணாற்றுப்படையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். வலைஞர் குடியிருப்பில் அரிசிக் களியைத் துழாவி, அகன்ற வாய்த் தாழியில் ஆறவிட்டு, நெல்முளை இடித்த அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்த ஒரு பானம் அங்கே இருக்கிறது. முளை, களி, நொதிப்பு: இது சாட்சாத் பீர்தான். புறநானூற்றிலோ யவனர் கலத்தில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பொற்கிண்ணத்தில் குடிக்கிறான். ஊர்ச்சரக்கும் வெளிச்சரக்கும் அன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. யார் கிண்ணத்தில் எது என்பதில்தான் வேறுபாடு. தூய தமிழ்ப் பானம் என்று எதுவும் இல்லை. குறளை வைத்துத் தடையை நியாயப்படுத்துவதும் சங்கப்பாட்டை வைத்துக் கடைதிறக்கச் சொல்வதும் ஒரே காரியத்தின் இரண்டு முகங்கள்: இரண்டிலும் இன்றைய பனையேறி காணாமல் போகிறார்.

காணாமல் போகிற இன்னொருவர் பெண். 2015-ல் குமரி மாவட்டத்தில் மதுக்கடையை அகற்றக் கோரிக் கைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய சசிபெருமாள் அங்கேயே உயிரிழந்ததும், அதற்கு முன்னும் பின்னும் கடைகளின் முன்னால் பெண்கள் துடைப்பத்தோடு நின்றதும் பழைய காந்தியத்தின் எச்சம் என்று நம் தோழர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கிள்ளான் தொழிலாளி சொன்னதைத்தான் அந்தப் பெண்களும் சொல்கிறார்கள்: எங்கள் கூலி எங்கே போகிறது? கள்ளுக்கடை திறந்தாலும் அந்தக் கேள்வி மாறப்போவதில்லை.

6

கடைசியாகக் கிராஃப்ட் பீருக்கு வருகிறேன். 'போ'வுக்குப் பக்கத்தில் ஹாக்னி விக் என்ற பழைய தொழிற்பேட்டையில் இப்போது சிறு பீர் ஆலைகள் இருக்கின்றன. குழாயைத் திறந்து ஊற்றுகிற பையன் பெருமையாகச் சொல்வான்: வடிகட்டாதது, சூடுகாட்டாதது, ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது, இந்த வாரம் ஒரு ருசி அடுத்த வாரம் வேறு ருசி, இந்த மண்ணின் தண்ணீர். கேட்டுக்கொண்டிருக்கும்போது சிரிப்பு வரும். இவன் சொல்கிற ஒவ்வொரு தகுதியும் எங்கள் ஊர்க் கலயத்துக்கு உண்டு. அங்கே அவைதான் குற்றப்பத்திரிகை. கலப்படம் சோதிக்க முடியாதது, தரப்படுத்த முடியாதது, ஒரேமாதிரி இராதது, கணக்கில் அடங்காதது. இங்கே ஒரு பைன்ட் ஏழு பவுன்.

இந்தப் பெருமை வானத்திலிருந்து விழவில்லை. பெரிய கம்பெனிகள் பீரை வடிகட்டி வாயு ஏற்றித் தட்டையாக்கியதை எதிர்த்து 1971-ல் இங்கே நுகர்வோர் இயக்கம் ஒன்று தொடங்கியது; பீப்பாய்க்குள்ளேயே தொடர்ந்து நொதிக்கிற உயிருள்ள ஏல் வேண்டும் என்று அது கேட்டது. தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகள் திறந்ததும் அதே 1971-ல்தான் என்பது ஒரு தற்செயல்; ஆனால் பாடம் சொல்லும் தற்செயல். இங்கே இயக்கத்துக்குப் பின் சட்டம் நகர்ந்தது. 2002-ல் ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலிட்டருக்குள் காய்ச்சும் சிறு ஆலைக்குப் பீர்த் தீர்வை பாதியாகக் குறைக்கப்பட்டது. சில நூறாக இருந்த ஆலைகள் அடுத்த இருபது வருஷத்தில் ஆயிரத்தைத் தாண்டின. கிராஃப்ட் என்பதைக் கலைஞனின் மேதைமை என்று நினைக்கிறோம். அதைத் தூக்கிவிட்டதில் பெரும்பங்கு ஒரு தீர்வைச் சலுகைக்கு உண்டு. தீர்வை நினைத்தால் கைவினையை உண்டாக்கும், நினைத்தால் கைவினைஞனைக் குற்றவாளியாக்கும். கள்ளுக்கும் கிராஃப்ட் பீருக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க நாக்கு தேவையில்லை. ஒரு அரசிதழ் போதும்.

கேரளத்தில் கள் சட்டப்படி கிடைக்கிறது, புதுச்சேரியில் கிடைக்கிறது. தமிழ்நாட்டிலும் தடையை நீக்கு என்ற குரல் வலுத்துவருகிறது. நீக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் எப்படி என்பதில்தான் சூட்சுமம். 1886-ன் வழியில் ஏலம் விட்டால் குத்தகைக்காரன் வருவான். டாஸ்மாக் வழியில் கொள்முதல் செய்தால் ஆலை வரும். நட்சத்திர ஓட்டல் வழியில் போனால் 'பாரம்பரிய கிராஃப்ட் பானம்' என்ற பெயரில் நாளைக்கு ஈஸ்ட்ஹாமுக்கும் ஏற்றுமதியாகும். ஏறுகிறவருக்குக் கூலி மிஞ்சும். உரிமம் ஏறுகிறவர் பேரில் இருக்க வேண்டும். அல்லது அவர்களே உறுப்பினரான சங்கத்தின் பேரில். விழுந்தால் காப்பீடு வேண்டும். கலப்படம் பிடிபட்டால் மாட்ட வேண்டியவர் மரத்தில் இருப்பவரல்ல, வண்டியில் வருகிறவர். கடை எங்கே, எத்தனை மணி வரை என்பதை முடிவுசெய்வதில் அந்த ஊர்ப் பெண்களுக்கு வாக்கு வேண்டும். இவ்வளவும் தீர்வைச் சட்டத்தில் எழுதக்கூடியவைதாம். வெள்ளைக்காரன் மரத்துக்கு எண் போடத் தெரிந்துகொண்டான், நாம் மனிதருக்கு உரிமை எழுத முடியாதா?

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. ஏறுவது யார்? அப்பன் ஏறினான் என்பதற்காக மகன் ஏற வேண்டுமென்று எதிர்பார்க்கிற 'பண்பாட்டு மீட்பு' சாதியின் மறுபதிப்பு. தொலைவில் உட்கார்ந்து ஊர்ச்சுவைக்கு உருகுகிற என்னைப் போன்றவர்களின் விருப்பம் இந்த விவாதத்தில் கடைசியாக எண்ணப்பட வேண்டியது. முதலில் பனையேறிகளிடம் போய்ப் பேச வேண்டும். தடை நீங்கட்டும், இறக்குகிறோம் என்று அவர்கள் சொன்னால் கூட நிற்போம். 'போதும், எங்க பிள்ளைக எறங்கிட்டு' என்று சொன்னால், அந்தச் சுவை உலகத்திலிருந்தே போனாலும் சரி, அதையும் கேட்டுக்கொள்ள நமக்குத் தெம்பு வேண்டும்.